கையில் வளர்ந்த அணிலை மரத்துக்கு அனுப்புவது எப்படி?

சென்னையில் ஏசி பெட்டிக்குப் பின்னாலும் சன்ஷேடிலும் அணில் கூடு கட்டுவது சகஜம். சர்வீஸுக்கு ஆள் வந்தால் கூடு கலையும், குட்டி விழும், யாராவது சிரிஞ்சில் பால் ஊட்டிக் காப்பாற்றுவார்கள். அதன் பிறகுதான் சிக்கல். வளர்ந்த குட்டியைப் பூங்காவில் இறக்கிவிட்டுத் திரும்பினால், அது காக்கைக்கோ பூனைக்கோ இரையாகும் வாய்ப்பே அதிகம். சில வாரத் தயாரிப்பு தேவை.

1. தயாராகிவிட்டதா?

நம் ஊர் மூன்று வரி அணில் பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் கண் திறக்கும். பால் மறந்து, மூன்று மாதத்தை நெருங்கும்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம். வால் அடர்த்தியாக இருக்க வேண்டும், தோலோடு கொடுத்த வேர்க்கடலையைத் தானே உடைக்க வேண்டும். நொண்டினாலோ முன்பற்கள் கோணலாக வளர்ந்திருந்தாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

2. சாப்பாடு

பிஸ்கட், சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கொய்யா, முருங்கைப் பூ, நாட்டு வாதுமைக் காய், வேப்பம்பழம் என்று வெளியே கிடைப்பதையே கொடுங்கள். கடலையும் சூரியகாந்தி விதையுமே தின்றால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பலவீனமாகும். ஒரு துண்டு கணவாய் மீன் ஓடு போட்டு வைத்தால் பல்லும் தேயும், சத்தும் சேரும்.

3. வெளிக்கூண்டு

அதிக அக்கறை இங்கேதான் வேண்டும். ஆள் உயரக் கூண்டு, அரை அங்குலத்துக்கு மேல் போகாத கம்பி வலை. பெரிய கண்ணி என்றால் பாம்பு நுழையும், பூனை காலை விட்டுப் பிடிக்கும். விடப்போகும் மரத்தை ஒட்டியே வையுங்கள். பாதி வெயில், பாதி நிழல். மேலே ஒரு ஷீட். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. உள்ளே வேம்பு, புங்கைக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, உயரத்தில் ஒரு மரப்பெட்டி வையுங்கள். கூட்டுக்குத் தேங்காய் நார் போதும். நீள நூல் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். குறைந்தது இரண்டு வாரம் இங்கே இருக்கட்டும். காக்கை வந்ததும் வெளி அணில்கள் வாலைச் சுண்டிச் சுண்டிக் கத்துவதை இது கேட்க வேண்டும். அந்தப் பாடத்தை நம்மால் நடத்த முடியாது.

மாடி வீடு, பக்கத்தில் மரமே இல்லை என்றால், தோட்டம் உள்ள நண்பர் வீட்டைக் கேளுங்கள். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கொண்டுபோய் விடக் கூடாது.

4. உங்களை மறக்க விடுங்கள்

கூண்டுக்கு மாறியதும் தூக்குவது, கொஞ்சுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் போதும். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கஷ்டம்தான், குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கஷ்டம். ஆனால் மனிதத் தோளைக் கிளை என்று நம்பும் அணில், தெருவில் போகிற யார் மீதும் ஏறும். அவர் பதறி உதறினால் என்ன ஆகும்? பழகிய நாயோ பூனையோ வீட்டில் இருந்தால் அதையும் பார்க்கவே விடாதீர்கள்.

5. எப்போது திறப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், கத்திரி வெயிலிலும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை வராத நாளாகப் பார்த்து, விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்குங்கள். விரட்டாதீர்கள். முதல் நாள் வெளியே போகாமலே இருக்கலாம், பரவாயில்லை. மாலையில் திரும்பி வந்தால் இரவுக்கு மட்டும் கதவைச் சாத்துங்கள்.

6. அப்புறம்

கூண்டை உடனே கழற்ற வேண்டாம். சில வாரம் பெட்டி அங்கேயே இருக்கட்டும். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் அணில்கள் இதைத் துரத்தும், அதில் தலையிட வேண்டியதில்லை. கதவைத் திறப்பதற்கு முன்பே வாட்ச்மேனிடமும் பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை சொல்லி, எலிப் பசை அட்டையையும் எலி மருந்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.