சொட்டுகிற எண்ணெய்த் தாங்கியும் ஒரு சிலிக்கன் ரியூப்பும்

போன கிழமை திருகோணமலைக்கு வடக்கே இருக்கிற இறக்கக்கண்டிப் பக்கமிருந்து ஒரு பெடியன் எண்ணெய்த் தாங்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். 24 லீற்றர் சிவப்புத் தாங்கி, வள்ளத்துக்குள் வைத்துக் குழாயால் எஞ்சினோடு கொழுவுகிற வகை. அளவு காட்டுகிற முள் இருக்கும் மூடியைச் சுற்றி, கலியாணக் கேக்குக்கு ஐசிங் பூசினதுபோல வெள்ளையாக அப்பியிருந்தது.

"அண்ணன், நல்லா அடைச்சிட்டன். ஆனா இன்னும் சொட்டுது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருசத்துக்கு முன் அதே இடத்தில் அதே வெள்ளையை அதே பெருமையோடு அப்பினவன் நான்.

மூடியை இறுக்க மறப்பது, தாங்கியை நங்கூரத்துக்குப் பக்கத்தில் போடுவது, இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் சாரம் நனைந்தால் தானாகப் பழகிவிடும். நான் எழுதுவது, வருசக்கணக்காகக் கடலுக்குப் போகிறவர்களும் செய்கிற பிழைகளை.

ஈரத்தைக் கண்ட இடத்தை ஓட்டை என்று நினைப்பது

சொட்டு விழுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. எண்ணெய் தாங்கியின் உடம்பில் வழிந்து அடி விளிம்பில் கூடி அங்கிருந்துதான் விழும். உடனே "அடி வெடிச்சுப் போச்சு" என்று தாங்கியைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டத் தொடங்குவார்கள். என்னிடம் வருகிறவற்றில் உடம்பு வெடித்தது அருமை. குழாய் கொழுவுகிற ஜொயின்ற்றின் ஓ றிங் (வட்ட றப்பர் வளையம்), முள் மூடிக்குக் கீழே இருக்கும் வாசர், எண்ணெய் ஊற்றுகிற மூடியின் வாசர், குழாயின் நுனி. அநேகமாக இந்த நாலில் ஒன்றுதான்.

பெற்றோல் தாங்கியென்றால் அதுவே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். பெற்றோல் ஆவியாகிப் போய்விடும், அதில் எஞ்சின் உராயாமல் இருக்கக் கலந்த டூ ரி எண்ணெய் போகாது. பிசுபிசுப்பாக ஒரு கோடு நிற்கும், அதில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே விரலால் தடவிக்கொண்டு போங்கள். கோடு தொடங்குகிற இடம்தான் கசிவு. மண்ணெண்ணெய் இப்படி நேர்மையாக நடக்காது, எங்கும் பரவி ஊர்ந்துவிடும். அதற்குத் தாங்கியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரை மூடிகளைச் சுற்றித் தூவுங்கள். நனைந்த பவுடர் கறுத்துத் தெரியும்.

இன்னொன்று. மேலே இருக்கிற மூடி கசிந்தால், தாங்கி கரையில் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு சொட்டும் வராது. கடலில் அலைக்கு ஆடும்போதுதான் வரும். பழைய தொட்டி ஒன்றுக்குள் தாங்கியைச் சரித்து வைத்துப் பார்க்காமல் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

கொம்பிரசர் காற்று அடித்துப் பார்ப்பது

வேண்டாம். அது ரயர் இல்லை.

சிலிக்கன்

இதைப் பற்றிக் கதைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து கடல் கட்டுப்பாடுகள் தளர்ந்த நேரம், பழைய 25 குதிரைவலு டூ ஸ்ரோக் எஞ்சின் ஒன்று வாங்கினேன். தாங்கியும் அதோடு வந்ததுதான். முள் மூடி கசிந்தது. புது வாசர் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. ஹாட்வெயார் கடையில் குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கன் ரியூப் இருந்தது. மூடியைக் கழற்றி, வாசர் இருக்கவேண்டிய பள்ளத்தில் தடிப்பாக இழுத்து, திருகாணிகளை இறுக்கினேன். இறுக்கியபோது வெளியே பிதுங்கியதை விரலால் வழித்தேன். உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று அந்த விரலுக்குத் தோன்றவில்லை. இரவு முழுக்கக் காயவிட்டேன். காலையில் கல்லு மாதிரி. ஒரு சொட்டு இல்லை. மூன்று கிழமை இல்லை!

அந்த மூன்று கிழமையும் உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. சிலிக்கன் தண்ணீருக்குத் தாங்கும், பெற்றோலுக்குத் தாங்காது. பெற்றோலைக் குடித்து, ஊறின சவ்வரிசிபோல ஊதும், மெதுமையாகும், பிய்ந்து விழும். விழுந்த துண்டுகள் உறிஞ்சு குழாயின் நுனியிலிருக்கும் வலையில் போய் ஒட்டும். சிறியவை வலையின் ஓரத்தால் நுழைந்து, கையால் அமுக்குகிற றப்பர் குண்டின் வால்வுக்கும் அங்கிருந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றருக்கும் போகும்.

புறாத்தீவுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறேன். எஞ்சின் இழுவை குறைகிறது. றப்பர் குண்டை நாலு தரம் அமுக்கினேன், சரியாகிவிட்டது. கொஞ்சத்தில் மறுபடி. மறுபடி அமுக்கினேன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஒரு காபரேற்றர் கழுவலோடு முடிந்திருக்கும். நான் அமுக்கி அமுக்கி ஓடினேன், காலை மீன் ஏலத்துக்குப் போகவேண்டுமே. திடீரென்று சத்தம் மேலே ஏறி மெல்லிசானது. பிறகு "கிறீச்" என்று ஒன்று, அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் கயிறு வரவில்லை. சுவரில் கட்டின கயிறு மாதிரி நின்றது.

டூ ஸ்ரோக்கில் பிஸ்டனுக்குப் போகிற எண்ணெய் பெற்றோலோடுதான் போகிறது. 50 லீற்றருக்கு 1 லீற்றர் என்று கலந்து ஊற்றுகிறோமே, அது வாசத்துக்காக அல்ல. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அதோடு காற்று கூடி, எரிகிற சூடும் ஏறும். எண்ணெய் இல்லாத சூட்டில் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நிலாவெளிப் பெடியன்கள் இரண்டு பேர் வந்த வள்ளத்தில் கட்டி இழுத்துக் கரை சேர்ந்தேன். எஞ்சினைக் கழற்றின மெக்கானிக் பாஸ், தாங்கி வலையிலிருந்து எடுத்த வெள்ளைக் களியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, நீ ஓட்டையை அடைச்சியா, எஞ்சினை அடைச்சியா?"

சிலிண்டரைக் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டு, றிங் மாற்றி, அந்தப் பருவத்து மீன் காசு போய்விட்டது. கிடைக்காமல் போன வாசரின் விலை ஒரு பிளேன்டீயும் வடையும்.

"அப்போ அரல்டைற் பூசலாமா?" என்று கேட்பார்கள். தாங்கி செய்திருக்கிற பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கில் பசை எதுவும் பிடிக்காது. மேலே காய்ந்து கெட்டியாக இருப்பதுபோல இருக்கும். நகத்தால் நெம்பினால் உள்ளங்கையில் காய்ந்த பலாப்பால்போல முழுசாக உரிந்து வரும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது இந்தச் சிலிக்கன் வியாதி கூடிவிட்டது. அதுவரை சொட்டினால் சொட்டட்டும் என்று விட்டவர்கள் எல்லாரும் ஒரே நாளில் அடைக்க ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். நானே ஒரு தாங்கிக்குக் கீழே இரவில் பால்மாப் பேணியை வைத்துப் பார்த்தேன், விடிய அரைப் போத்தலுக்கு மேல் நின்றது. ஆனால் சொட்டுகிற காசைச் சேமிக்கப் போய் எஞ்சினை விற்கிற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசர் செய்வது

இதுவும் அதே கதைதான், வேகம் மட்டும் குறைவு. ரியூப் றப்பர் எண்ணெயில் ஊதிப் பள்ளத்தைவிட்டு வெளியே வரும். நைட்ரைல் றப்பர் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குப் பெயர் தெரியாவிட்டால் பழைய ஓ றிங்கைக் கையில் கொண்டுபோய், பெற்றோலுக்குத் தாங்குகிறது வேண்டும் என்று சொல்லுங்கள். போட்ட பிறகு திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாஸ்ரிக்கில் போகிற திருகாணி, அளவுக்கு மிஞ்சினால் புரி கழன்றுவிடும்.

கட்டுக் கம்பியால் குழாயைக் கட்டுவது

குழாயை வெட்டும். நுனி விறைத்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போடுங்கள்.

காற்றுத் திருகை மறப்பது

மூடியின் நடுவில் இருக்கிற சின்னத் திருகு. ஓடும்போது அது மூடியிருந்தால் தாங்கி உள்ளே சப்பும், எஞ்சின் கொஞ்ச நேரத்தில் மூச்சு விட்டுவிடும், ஆள் பம்பைக் கழற்றத் தொடங்குவான். கரையில் வேறு கதை. உப்புவெளி மணலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடக்கிற தாங்கி பலாப்பழம்போல ஊதும். எஞ்சினோடு கொழுவியிருந்தால் அந்த அழுத்தம் பெற்றோலைத் தள்ளிக்கொண்டுபோய் எஞ்சினுக்குள் ஊற்றும், ஓ றிங்குகளையும் கெடுக்கும். கரைக்கு வந்ததும் குழாயைக் கழற்றி, தாங்கியை நிழலில் போடுங்கள். திரும்பக் கொழுவ முதல் திருகை மெதுவாகத் திறவுங்கள். "உஸ்" என்று வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கசிவை அடைக்கச் சவர்க்காரம் தேய்ப்பது

றோட்டில் மோட்டார் சைக்கிளுக்குச் சரி, சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஆனால் கடலில் தண்ணீர் பட்டுப்பட்டுக் கழுவுப்பட்டுப் போய்விடும்.

சூடு காட்டி ஒட்டுவது

உடம்பே வெடித்திருந்தால், பழைய கத்தியை அடுப்பில் பழுக்கவைத்து உருக்கி ஒட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். "தாங்கியில ஒண்டுமில்ல, வெறும் தாங்கி" என்பார்கள். வெறும் தாங்கிதான் கூடுதல் ஆபத்து. நிரம்பின தாங்கிக்குள் ஆவிக்கு இடமில்லை. காலியானதுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கழுவினாலும் பிளாஸ்ரிக் குடித்த எண்ணெய் பிறகும் மெல்ல மெல்ல ஆவியாக வெளியே வரும். முகர்ந்து பாருங்கள், இரண்டு நாள் வெயிலில் கிடந்ததும் மணக்கும். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் எங்களது. தாங்கிக்கும் நெருப்புக்கும் என்ன உறவு என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

பொருத்துவரியில் வெடித்த தாங்கியை நான் திருத்துவதில்லை. மூடி, முள், ஜொயின்ற்று எல்லாவற்றையும் உதிரிக்குக் கழற்றிக்கொண்டு, இனி ஒருவரும் எண்ணெய் ஊற்றாதபடி உடம்பை வெட்டிப் போட்டுவிடுவேன்.

இறக்கக்கண்டிப் பெடியனின் தாங்கியில் ஒரு மணித்தியாலம் சுரண்டினேன். வலையில் பருப்பளவு வெள்ளைத் துண்டு ஒன்று ஏற்கெனவே இருந்தது. முள் மூடியின் பழைய வாசர் அப்படியே நல்லாக இருந்தது, அங்கே கசிவே இல்லை. குழாய் நுனி ஜொயின்ற்றைத் திருப்பிப் பார்த்தால் ஓ றிங் இரண்டாகப் பிளந்து கிடந்தது. புதியதைப் போட்டு, சரித்து வைத்து, பவுடர் தூவி, ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்து முடித்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

போகும்போது காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து பாதி ரியூப் சிலிக்கனை எடுத்துக் காட்டினான்.

"இத என்ன செய்யிற அண்ணன்? காசு குடுத்து வாங்கினது."

"வீட்டுக் கூரை ஒழுகுதா?"

"ஓம்."

"அங்க பூசு."