ரோடும் காடும் ஓடுகிற பைக்குக்கு டயர் மாற்றும்போது

டயர் தேய்ந்ததும் பலரும் முதலில் தேடுவது பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் வைத்த முரட்டு டயரைத்தான். பார்க்க கெத்தாக இருக்கும், சரி, ஆனால் ஓட்டத்தில் பெரும்பங்கு தார் ரோடு என்றால் அது சீக்கிரம் தேயும், இரைச்சல் போடும், ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறைவு. டயர் விவரத்தில் 80/20 என்று போட்டிருந்தால் 80 பங்கு தார் ரோடு, 20 பங்கு மண் பாதை என்று பொருள் (கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் மாறும், வேதவாக்காக எடுக்க வேண்டாம்). எப்போதாவது கப்பி ரோட்டில் இறங்குகிறவருக்கு அதுவே தாராளம். சேறும் மணலும்தான் உங்கள் வழி என்றால் மட்டும் 50/50 பக்கம் போங்கள்.

அப்புறம் பக்கவாட்டு எழுத்தைப் படியுங்கள். 90/90-21 54H என்றால் அகலம் 90 மில்லிமீட்டர், டயரின் பக்கச்சுவர் உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 21 இன்ச். 54 என்பது 212 கிலோ வரை தாங்கும், H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. பெட்டி, பின்னால் ஆள் என்று ஏற்றுபவர்கள் பின் டயரில் இந்த எடை எண்ணைக் குறைக்கவே கூடாது. அகலத்தைக் கூட்டினால் செயினிலோ ஸ்விங்ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உரசலாம்.

டயரின் பக்கவாட்டில் DOT (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 3124 என்றால் 2024-இன் 31-ஆவது வாரம். ட்யூப் போடுகிற ஸ்போக் வீல் என்றால் டயரோடு ட்யூபையும் மாற்றிவிடுங்கள். புது டயர் வழுக்கும், முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் வளைவில் அதிகம் சாய்க்காதீர்கள்.