கழுகுமலைக்கு போறீங்களா? மொதல்ல மலைய பாருங்க, கோயில பொறவு பாத்துக்கிடலாம்

கழுகுமலைக்கு வாரவங்க நெறைய பேரு கீழ முருகன கும்பிட்டு, திருநீற பூசிட்டு, மேல ஏதோ பழைய கோயில் இருக்காம்லான்னு விசாரிச்சு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பாறையில ஏற ஆரம்பிப்பாங்க. உச்சி வெயில்ல அந்த பாறை சும்மா கொதிக்கும், பாதி தூரத்துல திரும்பிருவாங்க. அதனால காலையிலயே மலை, வெயில் ஏறினப்பொறம் கோயில், இதுதான் சரியான வரிசை.

திருநெல்வேலில இருந்து கோவில்பட்டிக்கு ட்ரெயினோ பஸ்ஸோ பிடிங்க, அங்கருந்து சங்கரன்கோவில் போற பஸ்ல ஏறினா சுமார் 20 கிலோமீட்டர் தான். 1986ல மாவட்டத்த பிரிச்சப்போ இந்த ஊரு தூத்துக்குடி மாவட்டத்துக்கு போயிருச்சு, ஆனா எங்கள கேட்டா இதுவும் திருநெல்வேலி சீமை தான். மேல கேட் எப்ப தெறப்பாங்கன்னு கீழயே ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

மொதல்ல வெட்டுவான் கோயில். வாசலுக்கு நேரா எறங்கிறாதீங்க. மேல பாறை விளிம்போரமா நின்னு பாத்தா விமானத்தோட, அதான் கருவறைக்கு மேல உள்ள கோபுரத்தோட, தலை உங்க கண்ணுக்கு நேரா நிக்கும், அப்பதான் வேலை எப்பிடி நடந்துச்சுன்னு புரியும். கல்ல அடுக்கி கட்டல, மலைய சுத்தி ஏழரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டி எறக்கி நடுவுல விட்ட ஒத்தை பாறைய மேலருந்து கீழ செதுக்கிட்டே வந்திருக்காங்க, எல்லோரா கைலாசநாதர் கோயில் மாதிரியே. எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். சிகரம், நந்தி, பூதகணம் எல்லாம் முடிஞ்சு பளிச்சுனு இருக்கும், கீழ வர வர உருவம் கொறைஞ்சு வெறும் பாறை தான் மிச்சம். எல்லாரும் மேல உள்ள சிலைய போட்டோ எடுத்துட்டு போயிருதாங்க, நீங்க முடியாம நிக்குற அந்த அடிப்பகுதியையும் நல்லா பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்ச எடம். விமானத்துல தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிச்சுட்டு இருப்பாரு, போன்ல ஜூம் பண்ணி அந்த கைய பாருங்க. கருவறைக்குள்ள இப்ப இருக்கது பிள்ளையார், அது பிற்காலத்துல வச்சது.

அப்பன் சிற்பி மகன் சிற்பிய பொறாமையில கொன்னுட்டான், அதான் கோயில் பாதியில நின்னுபோச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கதை முடிஞ்சதும் கூட்டம் கெளம்பிருது, அதான் எனக்கு கடுப்பு.

அடுத்து சமணர் சிற்பங்கள். பாறையில வரிசை வரிசையா சமணர் கும்பிடுத தீர்த்தங்கரர் உக்காந்திருப்பாங்க, தலைக்கு மேல மூணு அடுக்கா முக்குடை. மொத்தமா ஒரு போட்டோ எடுத்தா எல்லாம் ஒண்ணு போலதான் தெரியும், அதனால ரெண்ட மட்டும் தேடி பிடிங்க: தலைக்கு மேல நாகம் படமெடுத்து நிக்குற பார்சுவநாதர், சிங்கத்தோட நிக்குற அம்பிகா இயக்கி, சமணரோட காவல் பெண் தெய்வம். பொறவு உருவங்களுக்கு அடியில குனிஞ்சு பாத்தீங்கன்னா வட்டெழுத்து இருக்கும், தமிழ எழுதின பழைய எழுத்து. யாரு செய்வித்த திருமேனின்னு அதுல எழுதிருக்கும், ராஜா பேரு மட்டுமில்ல, சாதாரண ஊர்க்காரங்க பேரும், குரத்தியார்னு சொல்லுத சமண பெண் குருமாரு பேரும் உண்டு. ஆயிரத்து சொச்சம் வருசத்துக்கு முந்தி காசு குடுத்தவங்க பேரு இன்னும் அப்பிடியே நிக்குதுல்லா! எழுத்து மங்கலா இருந்தா மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு பிடிங்க, பள்ளத்துல நெழல் விழுந்து எழுத்து தூக்கி காட்டும். சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீங்க, எண்ணெயும் ஊத்தாதீங்க.

எறங்கி வந்து கழுகாசலமூர்த்தி கோயில். இது குடைவரை, அதாவது மலைய உள்ள கொடைஞ்சு செஞ்ச கோயில், மலைதான் விமானம். கருவறைய மட்டும் சுத்தணும்னா வழி கெடையாது, மலையவே சுத்தி வரணும், கிரிவலம்னு அதுக்குத்தான் போறாங்க. முருகன் மேற்க பாத்து மயில் மேல இருப்பாரு, முகம் ஒண்ணு, கை ஆறு. சம்பாதிங்கிற கழுகு கும்பிட்ட எடம்னு தலபுராணம். எட்டயபுரம் ஜமீன் இந்த கோயிலுக்கு நெறைய செஞ்சிருக்காங்க. மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதுக்கு முன்னாடி எறங்கிருங்க.

பங்குனி உத்திரம், தைப்பூசம், சஷ்டின்னா சாமி கும்பிட மட்டும் வாங்க, சிற்பம் பாக்க வேற நாள் வச்சுக்கிடுங்க. தண்ணி பாட்டில கீழயே ரொப்பிக்கிடுங்க, காலி பாட்டில மேல போட்டுட்டு வந்துறாதீங்க. திரும்பும்போது கோவில்பட்டில பஸ் மாறணும்லா, அங்கன கடலை மிட்டாய் வாங்கிருங்க.