வீடில்லாதவர்களைப் பற்றிச் செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே படுத்திருப்பவர்களைப் பற்றி எழுதிவரச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை அனுப்பினேன். மூவரும் கந்தல், தாடி, பக்கத்தில் ஒரு நாய் என்றே எழுதி வந்தார்கள். திட்ட வாய் வரவில்லை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதும் அதேதான். வயதை ஊகிப்பது, ஊரைத் தப்பாகப் போடுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

'மூட்டைக்குள் பணம்' செய்தி

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடைத் திண்ணையில் படுக்கும் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவர்கள் மூட்டையைப் பிரித்தால் உள்ளே 41 ஆயிரம் ரூபாய். 'பிச்சைக்காரரிடம் கட்டுக்கட்டாகப் பணம்' என்று தலைப்புப் போட்டது நான்தான். மறுநாள் டீக்கடைகளில் அதைப் படித்துச் சிரித்தார்கள், எனக்குப் பெருமை வேறு. ஆனால் அவர் பிச்சையே எடுத்ததில்லை. விடியற்காலையில் மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர், ஒன்பது வருஷமாகச் சேர்த்த கூலி அது, கணக்குப் போட்டால் மாதம் 400 ரூபாய்கூட வராது. முகவரி இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை, கார்டு இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை, பிறகு மூட்டையில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. செய்தி வந்த மூன்றாம் நாள் ராத்திரி அவரை அடித்துப்போட்டு மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் திண்ணையில் படுக்கும் மற்ற நாலு பேருக்கும் மிச்ச இட்லி கொடுத்துவந்த ஓட்டல்காரர் அதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் நம்மளவிட வசதியானவங்க சார்" என்று என் செய்தியையே எடுத்துக் காட்டினார்.

ஆளை மட்டும் காட்டுவது

வறுமையைத் தனி ஆளின் கதையாகக் காட்டினால் பார்ப்பவர்கள் அந்த ஆளையே குறை சொல்கிறார்கள், பின்னணியோடு காட்டினால் அரசையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து ஷாந்தோ ஐயங்கார் 1991-இல் சொன்னது இது. நாம் 'குடியால் அழிந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கடலூர்ப் பக்கம் குடிசையும் முந்திரித் தோப்பும் சேர்ந்து போனதே, அதில் இவருக்கு என்ன போனது என்று யாராவது கேட்டோமா? நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரக் காப்பகம் வேண்டும் என்று மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதித்திருந்தது. அப்புறம் இவர் ஏன் பிளாட்பாரத்தில் படுக்கிறார்? கேள்வி அங்கே போக வேண்டும்.

'சந்தேகப்படும்படி திரிந்தவர்'

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவன் என்ற வாட்ஸப் வதந்தியை நம்பிப் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதனால் இந்த வார்த்தையை எழுதாதீர்கள், இதற்குமேல் விளக்க வேண்டாம்.

தூங்குகிறவரைப் படம் எடுப்பது

எழுப்பிக் கேட்க மனசு வரவில்லையென்றால் கேமராவையும் வெளியே எடுக்காதீர்கள்.

'பைத்தியம்'

எழுதவே கூடாது. மனநலம் பாதிக்கப்பட்டு வீடில்லாமல் திரிபவரைக் கண்டால் காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியது போலீஸின் கடமை, 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவில் இருக்கிறது. போட்டார்களா என்று ஸ்டேஷனில் கேட்டு, எஃப்ஐஆர் நம்பரோடு வாருங்கள்.