பி.எம். கிசான் தவணை வரவில்லையா? எதை, எங்கே சரிசெய்வது

பக்கத்து வீட்டுக்காரருக்கு 2,000 ரூபாய் ஏறிவிட்டது, உங்களுக்கு ஏறவில்லை என்றால் உடனே வங்கிக்கு ஓடாதீர்கள். கோளாறு வங்கியில் இருக்கலாம், தாலுகா ஆபீஸிலும் இருக்கலாம். பி.எம். கிசான் என்பது விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைத் திட்டம்; ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது: ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச். அந்த நான்கு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் விடுவிப்பார்கள்.

படி 1: நிலையைப் பாருங்கள்

பி.எம். கிசான் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பகுதியைத் திறந்து பதிவு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுங்கள். பதிவு எண் மறந்திருந்தால் ஆதார் எண்ணோ மொபைல் எண்ணோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம். லேண்ட் சீடிங் (நில விவரம் இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளை உறுதிசெய்வது), ஆதார் பேங்க் சீடிங் (வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு) மூன்றுக்கும் 'யெஸ்' இருக்க வேண்டும். எதில் 'நோ' என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இ-கேஒய்சி

ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருந்தால் ஓ.டி.பி. போதும். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் பல நேரம் ஏற்காது, அப்போது பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கலாம். செயலியை ப்ளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) நிறுவினால் கணக்கில் இருக்கிற பணமும் போய்விடலாம்.

படி 3: வங்கி

பலர் ஏமாறுவது இங்கேதான். "ஆதார் நகல் கொடுத்துட்டேனே" என்பார்கள். அது கேஒய்சிக்காகக் கொடுத்தது. மானியம் வர, என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக ஒரு வங்கி ஏறியிருக்க வேண்டும்; கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் பணம் போகும். நடுவில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, அங்கே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தவணை அதில் கிடக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். 'இன்ஆக்டிவ்' என்றிருந்தால் வங்கியில் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் பண்ணுங்க" (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் வர ஆதாரை இணையுங்கள்) என்று கேட்டுப் படிவம் கொடுங்கள். வங்கி இழுத்தடித்தால் அஞ்சலகத்தில் ஐ.பி.பி.பி. (அஞ்சல் துறையின் வங்கி) கணக்கு தொடங்கி அதில் இணைத்துவிடலாம்.

படி 4: நிலம்

லேண்ட் சீடிங் 'நோ' என்றால் பட்டா, சிட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம் போங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போட வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காமல் கூட்டுப் பட்டாவாக மாற்றினால் உட்பிரிவு அளவை தேவைப்படாது, வேலை சீக்கிரம் முடியும்.

1.2.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குத் தொகை கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம், அதில் ஒருவருக்கே பணம். வருமான வரி கட்டியவருக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவருக்கும் (நான்காம் நிலை ஊழியர் தவிர) இல்லை. குத்தகைக்கு உழுகிறவருக்கும் இல்லை, உழைப்பு முழுக்க அவருடையதாகவே இருந்தாலும்.

மூன்றும் 'யெஸ்' ஆகி, 'எஃப்.டி.ஓ. ஜெனரேட்டட்' (பணம் அனுப்பும் ஆணை தயார்) என்று காட்டினால் பணம் அனுப்பும் கட்டத்தில் இருக்கிறது, காத்திருங்கள். தகுதியுள்ளவருக்கு இந்தக் கோளாறுகளால் நின்ற பழைய தவணையும் சரிசெய்த பிறகு சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் பி.எம். கிசான் உதவி எண் 155261-ஐ அழைத்து, பதிவு எண்ணும் எந்தத் தவணை என்பதும் சொல்லிப் புகார் பதியுங்கள்.