பிக்கப் முன்பக்கம் கீச் சத்தமா? ஒரு பாட்டில் தண்ணீரில் இடத்தைப் பிடியுங்கள்

துறைமுகத்தில் மீன் லோடு ஏற்றும் பிக்கப்புக்குக் கடலூரில் முன் சஸ்பென்ஷன் கத்துவது வழக்கம்தான். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீரும் தேவனாம்பட்டினத்து மணலும் அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. என் வண்டிக்கு முன்னாலும் ஸ்பிரிங் பட்டைதான், அதாவது அடுக்கி வைத்த வளைந்த இரும்புத் தகடுகள். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் பட்டைக்குப் பதில் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு பிடிக்கும் கை) புஷ், அதாவது இணைப்பில் இருக்கும் உறை, பெரும்பாலும் ரப்பர், அப்புறம் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) இரண்டையும் பாருங்கள்; முறை ஒன்றுதான்.

பிரேக் மிதித்தால் மட்டும் கத்துகிறதா? அது பிரேக் வேலை, இங்கே தேட வேண்டாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கத்தினால்தான் சஸ்பென்ஷன்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் பம்பரை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

காதை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் சேஸிஸ் வழியே ஓடி வேறு இடத்தில் கேட்கும். பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் வெளிப்பக்கம் விரல் நுனியை வைத்தால், காய்ந்த புஷ் இருக்கும் இடத்தில் நறநறவென்று அதிர்வது தெரியும். பட்டைகளுக்கு நடுவே மட்டும் விரல் போகக் கூடாது.

அப்புறம் தண்ணீர். பாட்டில் மூடியில் சின்ன ஓட்டை போட்டு ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து, பம்பரை ஆட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஆள் அதுதான். கீழே இருக்கும் ஷாக் அப்சர்பர் புஷ்ஷில் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் வழிந்து எல்லாம் நனைந்துவிடும், எது கத்தியது என்றே தெரியாது. பட்டை நுனிகளைக் கடைசியில் பாருங்கள்.

ரப்பர் புஷ்ஷுக்கு டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிவிடும். நான் சிலிகான் ஸ்பிரே தவிர எதையும் அடிப்பதில்லை. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சின்ன முனை) இருந்தால் கைப்பிடி கிரீஸ் கன் போதும். அழுக்கு கிரீஸ் வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது புஷ் போட்ட வண்டி மறுபடி கத்துவது பெரும்பாலும் இங்கேதான். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓட ஓடக் கிழியும். அதனால் முதலில் போல்ட்டைக் கையால் மாட்டுங்கள். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்ததும், முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். தூக்கி வைத்து வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

பின்சேர்க்கை: மழை நாளில் சத்தமே இல்லை, வெயில் வந்தால் திரும்ப வருகிறது என்று முதுநகரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் காய்ந்த புஷ்ஷின் அடையாளம்தான். மழையே தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் கத்துகிறது என்றால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) நிப்பிளில் கிரீஸ் இறங்குகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நிப்பிளையே கழற்றிப் புதுசு போடுவது நல்லது.