ஃபேஷன் படிக்கும் பிள்ளையோடு சென்னை வருகிறீர்களா? துணிக்கடைகளை இந்த வரிசையில் பாருங்கள்

ஃபேஷன் டிசைன் படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வந்தால் சொந்தக்காரர்கள் நேராகத் தி.நகருக்குத்தான் கூட்டிப்போவார்கள். கல்யாணப் புடவை எடுக்க அது சரி. துணியைப் படிக்க வேண்டுமென்றால் போகிற வரிசை வேறு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், அப்போது கடைக்காரருக்கு உங்களிடம் பேசவே நேரம் இருக்காது.

முதலில் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். காஞ்சிபுரம், ஆரணி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி என்று பல ஊர்த் துணிகள் ஒரே இடத்தில் இருப்பதால் தொட்டுப் பார்த்தே ஊர் சொல்லப் பழகலாம். காஞ்சிப் பட்டைக் கையில் எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, இரண்டும் சேரும் இடத்தில் ஊடை நூல்கள் (குறுக்காக ஓடும் நூல்கள்) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு லேசாகத் தடித்திருந்தால் அது கோர்வை, மூன்று நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) போட்டு நெய்தது. அந்த வேலைக்குத் தறியில் இன்னொரு ஆளும் வேண்டும், விலை ஏன் ஏறுகிறது என்பது அந்த ஒரு கோட்டிலேயே தெரிந்துவிடும். பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜரிகைக்குள் சிவப்பு நூல் இருந்தால் அசல் என்பார்கள். அது மட்டும் போதாது, போலியிலும் சிவப்பு நூல் வைக்கலாம். எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் சாலைப் பக்கம் இருக்கும் டிசைனர் கடைகள். இங்கே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் படிக்கிற பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். உடையை உள்பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதுதான் பாடம். தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், ஜரிகைக் கரை கழுத்தில் உறுத்தாமல் இருக்க உள்ளே என்ன லைனிங் கொடுத்திருக்கிறார்கள், பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேர்கிறதா. வெளியே தெரிகிற எம்ப்ராய்டரியைவிட இதைப் பார்க்கிற பிள்ளைதான் நன்றாகத் தைக்கக் கற்றுக்கொள்ளும் என்பது என் உறுதியான எண்ணம்.

பார்த்த கையோடு பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு. மொத்த வியாபாரம், ஞாயிறு வேண்டாம், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பன்னா (துணியின் அகலம்) எவ்வளவு, நூல் எத்தனை கவுண்ட் (நூல் எவ்வளவு சன்னம் என்ற அளவு), மீட்டர் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டால், டிசைனர் கடையில் பார்த்த உடைக்குத் துணிச் செலவு என்ன, தையலுக்கும் வடிவமைப்புக்கும் போனது என்ன என்று பிள்ளையே கணக்குப் போடலாம். சிறு துண்டுகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் பாதியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். சாயம் போகிறதா, எவ்வளவு சுருங்குகிறது என்று காலையில் அளந்து, இரண்டு பாதியையும் நோட்டில் ஒட்டுங்கள். ஒரு நூலை எரித்தும் பார்க்கலாம், ஆனால் கடையில் வேண்டாம். பருத்தி காகிதம் போல எரியும், பட்டில் முடி கருகும் வாடை வரும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும்.

கடைசியாகக் காஞ்சிபுரம், சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். விடியற்காலையில் போனால் தெருவில் பாவு (நீளவாக்கு நூல்கள்) நீட்டிச் சரி செய்வதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அது நடக்காது, தரையில் குழி எடுத்து அமைத்த குழித்தறியிலும் ஈரம் ஏறிவிடும், அதனால் ஜனவரிக்குப் பிறகு போவதுதான் நல்லது. ஆட்டோக்காரர் "தறி காட்டுகிறேன்" என்று கமிஷன் கடைக்குக் கூட்டிப்போவது உண்டு, ஆகவே தெரிந்தவர் மூலமோ கூட்டுறவு சங்கத்தில் கேட்டோ போங்கள். நெசவாளர் வீட்டில் அரை நாள் உட்கார்ந்தால் அவருக்கு அன்றைய வேலை தடைப்படும், அதற்குரிய பணத்தை மரியாதையோடு கொடுத்துவிடுங்கள். அவரிடமே புடவை வாங்கினால் பேரம் பேச வேண்டாம். திரும்பும்போது ஜரிகைப் புடவையை பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, துண்டுகள் ஒட்டிய நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி வழியில் தொலைந்தாலும் அது தப்பிவிடும்.